மேயோல சாவு வீட்டுக்குப் போன அனுபவம், உங்களுக்கும் இருந்தா சொல்லுங்க

நான் அயர்லாந்துல மேயோ கவுண்டில ஒரு நர்சிங் ஹோம்ல நர்ஸா இருக்கேன், வந்து நாலு வருஷம் ஆச்சு. வந்த புதுசுல எனக்குப் பிடிபடாத விஷயம் ரேடியோல சாவு அறிவிப்பு வாசிக்கறதுதான். பாலிஹானிஸ்ல இருந்து வர்ற மிட்வெஸ்ட் ரேடியோ எங்க டைனிங் ரூம்ல காலைலருந்து ஓடிக்கிட்டே இருக்கும். பாட்டு, விளம்பரம், நியூஸ் எதுக்கும் யாரும் பேச்ச நிறுத்த மாட்டாங்க, ஆனா இறந்தவங்க பேரு வாசிக்க ஆரம்பிச்சதும் ஸ்பூன் சத்தம் கூட நின்னுடும். பேரு, ஊரு, பொம்பளைங்கன்னா பொறந்த வீட்டுப் பேரு, எந்த வீட்ல வெச்சிருக்காங்க, எத்தன மணிலருந்து எத்தன மணி வரைக்கும் போய்ப் பார்க்கலாம், எந்த சர்ச்ல பூசை, எங்க அடக்கம், எல்லாமே சொல்லுவாங்க. வாசிச்சு முடிச்சதும் "அவன் அண்ணன் என்கூட படிச்சவன்"னு யாராவது ஒருத்தர் ஆரம்பிப்பாங்க, அதுக்கப்புறம் அந்தக் குடும்பத்தோட மூணு தலைமுறைக் கதையும் வந்துடும். இப்ப எல்லாரும் ஆர்ஐபி டாட் ஐஈ வெப்சைட்லயும் பாக்கறாங்க, அதுல 2025 ஜனவரிலருந்து ஒரு அறிவிப்பு போட 100 யூரோ கட்டணும்னு வந்தப்போ இங்க எல்லாருக்கும் ரொம்ப வருத்தம், சாவச் சொல்றதுக்கு காசு வாங்கலாமான்னு கேட்டாங்க. எனக்கும் அது சரியா படல.

என் வார்டுல ஒரு தாத்தா இருந்தாரு, விவசாயம் பாத்தவரு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான்தான் அவருக்கு ஷேவ் பண்ணி விடுவேன். பிப்ரவரில இறந்துட்டாரு. உடம்ப வீட்டுக்குக் கொண்டு போயிட்டாங்க. போகலாமா வேண்டாமான்னு எனக்கு ஒரே தயக்கம், நாம அவங்களுக்கு யாரு, என்ன உறவு, போய் நின்னா என்ன நெனப்பாங்கன்னு. பக்கத்து வீட்டு அம்மாதான் "கோட்ட எடு, நான் கூட்டிட்டு போறேன்"னு கார எடுத்தாங்க.

மழை பெய்யுது, அந்தச் சின்ன ரோட்டுல ரெண்டு பக்கமும் காருங்க, அக்கம்பக்கத்து ஆளுங்க மஞ்சக் கலர் ஜாக்கெட் போட்டுக்கிட்டு டார்ச் லைட்டோட வயல்ல பார்க்கிங் காட்டிட்டு இருக்காங்க. வாசல்லருந்து கேட் தாண்டி வரிசை. உள்ள போனா குடும்பத்துல எல்லாரும் சுவத்த ஒட்டி உக்காந்திருக்காங்க, வர்றவங்க ஒவ்வொருத்தரா கைகுடுத்து "சாரி ஃபார் யுவர் ட்ரபுள்", அதாவது உங்க துக்கத்துக்கு வருந்தறேன்னு, அவ்ளோதான், வேற வார்த்தையே தேட வேண்டாம். முன் ரூம்ல பெட்டி திறந்து இருந்துச்சு. சூட் போட்டு ஜெபமாலைய விரல்ல சுத்தி வெச்சிருந்தாங்க. தாடைக்குக் கீழ அந்த சின்ன கீறல், அது நாலு நாளைக்கு முன்னாடி என் கை தவறி பட்டது, இன்னும் ஆறாம இருந்துச்சு. அதப் பாத்ததும் என்னால தாங்க முடியல. அவரோட பொண்ணு எழுந்து வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு "அப்பாவுக்கு ஷேவ் பண்ணது நீங்கதானே, எங்ககிட்ட சொல்லிட்டே இருப்பாரு"ன்னாங்க. அப்புறம் என்னை அப்படியே கிச்சனுக்குக் கூட்டிட்டு போய் டீ, ஹாம் சாண்ட்விச், ஆப்பிள் டார்ட். எல்லாமே பக்கத்து வீடுங்கள்லருந்து வந்தது, குழி வெட்டறதும் அவங்கதானாம். நல்லதுக்குப் போகலன்னாலும் கெட்டதுக்குப் போகணும்னு எங்கம்மா சொல்லும், அந்த வார்த்தைக்கு ஏத்த ஊரு இதுதான்னு தோணுச்சு. கிளம்பும்போது போயிட்டு வரேன்னு சொல்லக்கூடாதேன்னு நான் பேசாம வெளிய வந்துட்டேன்.

உங்களுக்கும் இந்த மாதிரி இருந்தா எழுதுங்க.

காசில்பார் தம்பி:
அக்கா, சாவுக்கு மரியாதை பண்ணணும்ங்கறது இங்க எவ்ளோ ஆழமா இருக்குன்னா ஃபுட்பால்ல கூட அதான் கதை. மேயோ டீம் கேலிக் ஃபுட்பால்ல (அயர்லாந்தோட சொந்த ஆட்டம்) கடைசியா ஆல் அயர்லாந்து கப் ஜெயிச்சது 1951. கப்போட லாரில ஊர்வலமா வரும்போது ஃபாக்ஸ்ஃபோர்டுல ஒரு சாவு ஊர்வலம் போயிருக்கு, இவங்க நிக்காம ஆரவாரம் பண்ணிட்டே போனாங்களாம், அதுக்கு ஃபாதர் இந்த டீம்ல இருக்கற கடைசி ஆளு சாகற வரைக்கும் மேயோ ஜெயிக்காதுன்னு சாபம் விட்டாராம். நடந்ததுக்கு ஆதாரம் ஒண்ணும் கிடையாது. ஆனா 1989லருந்து 2021 வரைக்கும் 11 ஃபைனல் தோத்திருக்காங்க. 1951 ஃபைனல்ல ஆடினவங்கள்ல கடைசி ஆளு பேடி ப்ரெண்டர்காஸ்ட் 2021 செப்டம்பர்ல இறந்தாரு, டைரோன் கவுண்டி டீம்கிட்ட ஃபைனல் தோத்த அதே மாசம். என்கூட வேலை பாக்கற ஒருத்தர் அன்னிக்கு கேன்டீன்ல உக்காந்து அழுததப் பாத்தேன்.

வெஸ்ட்போர்ட்வாசி:
இவங்க ஏன் ஒருத்தர் சாவையும் விடறதில்லன்னு எனக்கு இங்க இருக்கற டூலாக் ஏரிக்குப் போனப்போதான் புரிஞ்சுது. 1849 மார்ச் கடைசில, பஞ்ச காலம், லூயிஸ்பர்க்ல நிவாரணம் வாங்கிட்டிருந்த நூத்துக்கணக்கான ஜனங்கள சோதிக்க வந்த அதிகாரிங்க அங்க பாக்காம, காலைல டெல்ஃபி லாட்ஜுக்கு வாங்க, வரலன்னா நிவாரணம் கட்னு சொல்லிட்டாங்க. கிட்டத்தட்ட 19 கிலோமீட்டர், ராத்திரி, குளிர், வயித்துல ஒண்ணும் இல்ல. போற வழியிலயும் திரும்பற வழியிலயும் ரோட்டோரமா செத்துருக்காங்க. எத்தன பேர்ங்கற கணக்குல இன்னும் சண்டை இருக்கு. யாரு வீட்லயும் பெட்டி வெக்கல, யாரும் வரிசைல நின்னு கைகுடுக்கல. அந்த ஏரிக்கரைல ஒரு கல் சிலுவை இருக்கு, அதுல காந்தி சொன்னது பொறிச்சிருக்கு, சக மனுஷன அவமானப்படுத்தி ஒருத்தன் எப்படி தனக்குப் பெருமைன்னு நினைக்க முடியும்ங்கற கேள்வி. அத அங்க பாத்து நான் அப்படியே நின்னுட்டேன். 1988லருந்து அந்த ரோட்டுல நினைவு நடை நடத்தறாங்க, நானும் ஒரு தடவ நடந்தேன், வழில யாரும் அதிகமா பேசல. 1841ல மேயோல 3,88,000 பேருக்கு மேல இருந்தாங்க, 2022 கணக்குல 1,38,000 கூட இல்ல. அதான், ஒரு பேரு ரேடியோல வந்தாலும் எல்லாரும் கிளம்பிடறாங்க.

பாலினா பக்கம்:
நான் இத இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. போன வருஷம் எங்கப்பா ஊர்ல தவறிட்டாரு. டிக்கெட் கிடைச்சு நான் போய் சேர்றதுக்குள்ள எடுத்துடுவாங்கன்னு தெரிஞ்சு போச்சு, கொள்ளிய தம்பி வெச்சான், நான் போன்ல வீடியோல பாத்தேன். காலைல வேலைக்கு லீவு சொன்னேன், அவ்ளோதான் சொன்னேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு கதவத் தட்டறாங்க. எதிர்வீட்டுக்காரரு, தலைல இருந்த தொப்பிய எடுத்து கைல வெச்சுக்கிட்டு, "சாரி ஃபார் யுவர் ட்ரபுள்". பின்னாடியே அவரு மனைவி, ஃபாயில் மூடின தட்டோட. சாயங்காலத்துக்குள்ள இருபது பேராவது வந்திருப்பாங்க, பாதிப் பேர எனக்கு பேரு கூடத் தெரியாது. ஹால்ல உக்காந்து அப்பா என்ன வேலை பாத்தாரு, எந்த ஊருன்னு கேட்டாங்க, போட்டோவ கையிலிருந்து கைக்கு மாத்தி பாத்தாங்க. நாங்க இந்துன்னு தெரிஞ்சும் பூசை கார்டு (இறந்தவருக்காக சர்ச்ல பூசை வெக்கறதா சொல்ற கார்டு) குடுத்தாங்க, நான் அத சாமி ரூம்ல அப்பா படத்துக்குப் பக்கத்துல வெச்சிருக்கேன்.

மூணு வாரம் கழிச்சு எதிர்வீட்டுக்காரரு கேட்டைப் பிடிச்சுக்கிட்டு கேட்டாரு, "உங்கள்ல மன்த்ஸ் மைண்ட் உண்டா?" ஒரு மாசம் முடிஞ்சதும் அவங்க வெக்கற பூசை அது. எங்களுக்கும் மாசிகம்னு ஒண்ணு இருக்கு, மாசாமாசம் திதி அன்னிக்கு பண்ணுவோம்னு சொன்னேன். தேதி கேட்டு, பாக்கெட்லருந்து பேனா எடுத்து உள்ளங்கைல எழுதிக்கிட்டாரு. அன்னிக்கு காலைல சுத்தமா வேட்டி கட்டி நான் இலை போடும்போது அவரு சூட் போட்டுக்கிட்டு வாசல்ல வந்து நின்னாரு.