கொழும்புத் தெருவில் எடுத்த படங்களில் இன்னும் மனதை விடாத ஒன்று

குறுக்குத்தெரு:
ஆளுக்கொன்று சொல்லுங்கள், நான் தொடங்குகிறேன். புறக்கோட்டைக் கடைவீதி, இரண்டாம் குறுக்குத் தெரு, காலை ஆறே முக்கால். கடைகள் திறக்கவில்லை. சிவப்பு நிறச் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலின் மினாரா உச்சியில் மட்டும் வெயில், கீழே தெரு ஈரத்தில் அந்தச் சிவப்பு கொஞ்சம். ஒரு நாட்டாமி, மூட்டை சுமக்கும் தொழிலாளி, தன் கைவண்டிலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு பாதமும் வெளியே. வெடித்து வெடித்து, வண்டில் பலகையின் அதே நிறம். எனக்கு வேறொன்றும் கண்ணில் படவில்லை. குந்தியிருந்து நாலைந்து எடுத்தேன்.

விழித்துவிட்டார். கோபப்படவில்லை, காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு, "என்ன தம்பி, கால மட்டும் எடுத்திருக்கீங்க? மொகம் இல்லையா?" என்றார். அப்புறம் அவர் செய்ததுதான் என்னை விடவில்லை. கழுத்து வரை பொத்தான் போட்டார். போத்தல் தண்ணீரைத் தலையில் தடவி விரலால் வாரினார். வண்டில் பிடியில் ஒரு கை வைத்து, ஸ்டூடியோவில் நிற்பது போல விறைப்பாக நின்றார். எடுத்தேன். வெளிச்சம் தட்டை, பின்னால் இழுத்து மூடிய ஷட்டர், அவ்வளவுதான். எல்லோரும் மெச்சியது பாதப் படத்தை. மூன்று வருடமாக நான் திறந்து திறந்து பார்ப்பது மற்றதை.

வெள்ளவத்தைக்காரி:
அண்ணா, கேட்டு எடுத்தால் தெரு போய்விடும், ஸ்டூடியோதான் மிஞ்சும் என்று நினைக்கிறவள் நான். உங்கள் கதையிலேயே அவர் தூங்கியபோதுதானே படம் கிடைத்தது?

என்னுடையது காலி முகத்திடல், ஞாயிறு பின்னேரம். பட்டம், இறால் வடை வண்டில், காற்று, எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. மலையகத்தில் ஹட்டன் பக்கத்திலிருந்து வேனில் வந்த ஒரு குடும்பம். படியிறங்கி அந்தத் துண்டு மணலில் நின்றார்கள். பாட்டிக்கு அதுதான் முதல் கடல், பேரப்பிள்ளைகள் போட்ட கூச்சலில் தெரிந்தது. சேலையைக் கணுக்கால் வரை தூக்கிப் பிடித்திருந்தார். அலை வந்ததும் பின்வாங்கவில்லை. முற்றத்தில் கோழியை விரட்டுவது போலக் கையை வீசி, "சூ! அங்கிட்டுப் போ!" என்று அதட்டினார். அலையும் திரும்பிப் போனது. அவர் முகத்தில் அப்போது வந்த அந்தத் திருப்தி! அந்த நொடியில்தான் எடுத்தேன். முன்னாலேயே போய், "பாட்டி, ஒரு படம் எடுக்கட்டுமா?" என்று கேட்டிருந்தால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பார்.

ஆனால் எடுத்த பிறகாவது காட்டியிருக்கலாம். வேன் கிளம்பும்வரை இருபது அடி தள்ளி நின்றுகொண்டே இருந்தேன். வாய் வரவில்லை. அவருக்குத் தெரியாமல் அவருடைய முதல் கடல் என் போனில் இருக்கிறது.

இருபத்தெட்டு மி.மீ.:
நின்று எடுத்த படம் என்றால் தெரு போய்விடும் என்பதை நான் ஏற்கவில்லை, தங்கச்சி. புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் கொழும்பில் பிறந்தவர், 1944இல் இறந்தார். ஆட்களை நிறுத்திவைத்து அவர் எடுத்த படங்களை இன்றும் பார்க்கிறோம். ஒருவர் தன்னை எப்படிக் காட்ட விரும்புகிறார் என்பதும் தெருவில் நடக்கிற விஷயம்தான்.

என் கதை சின்னது. கொச்சிக்கடையில் ஒரு கடை வாசலில் விரித்துக் காயவைத்த ஏழு குடைகளை எடுத்தேன். முதலாளி வெளியே வந்து கமராவைப் பார்த்தார், என் தோள்பையைப் பார்த்தார், பிறகு நூறு அடியில் இருக்கும் அந்தோனியார் கோவிலைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. 2019 உயிர்த்த ஞாயிறன்று அந்தக் கோவிலில் குண்டு வெடித்த பிறகு அந்தப் பார்வை எங்கிருந்து வருகிறதென்று எனக்குப் புரிந்தது. பையைத் திறந்து காட்டினேன். பிளேன்டீ தரச் சொல்லிப் பையனை அனுப்பினார்.

அதனால் புதிதாகத் தொடங்குபவர்களுக்குச் சில விஷயம். கோவில், பள்ளிவாசல், துறைமுகம், காவலரண் பக்கம் கமராவை மறைத்து எடுக்காதீர்கள். மறைப்பதுதான் சந்தேகத்தைக் கிளப்பும். முதலில் ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டு, கமராவை மேசையில் வையுங்கள். வெளிச்சம்: சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி நண்பகல் சூரியன் நேரே உச்சிக்கு மேல் நிற்கும், கண்குழி கறுத்துப்போகும். அந்த நேரம் புறக்கோட்டைத் தகரத் தாழ்வாரங்களுக்கு உள்ளே போய்விடுங்கள். வெயில் ரோட்டில் பட்டுத் தெறித்து முகத்தில் கீழிருந்து விழும், அதைவிட மென்மையான வெளிச்சம் வேண்டியதில்லை. போகஸ் தேடி நிற்காதீர்கள். புல் பிரேம் கமராவில் 28 மி.மீ. லென்ஸ், லென்ஸ் துவாரம் எஃப் 8, போகஸை இரண்டரை மீற்றரில் பூட்டிவிட்டால் ஒன்றரை மீற்றரிலிருந்து பத்து மீற்றர் வரை தெளிவாக விழும். பாட்டி அலையை அதட்டும்போது அதெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை.

வெள்ளவத்தைக்காரி:
அண்ணா, அது போனில் எடுத்தது. ஆனால் குடைக்காரர் கதையை முழுதாக எழுதுங்கள்.

நாலாம் குறுக்கு:
நான் கமரா வைத்திருப்பவன் இல்லை. நாட்டாமி என்ற சொல்லைப் பார்த்து வந்தேன்.

அப்பா நாலாம் குறுக்குத் தெருவில் நாட்டாமியாக இருந்தார். வெங்காயம், செத்தல் மிளகாய், உருளைக்கிழங்கு மூட்டை. வீட்டுக்கு வரும்போதே மிளகாய் நெடியில் நாங்கள் தும்முவோம். இருந்த இரண்டு மூன்று படமும் 83 ஆடிக் கலவரத்தில் வீட்டோடு போய்விட்டன. இப்போது இருப்பது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். அதில் அவர் யாரையோ போல இருக்கிறார்.

கேட்டு எடுப்பதா, கேட்காமல் எடுப்பதா என்று நீங்கள் பேசுவது எனக்குப் புரிகிறது. குறுக்குத்தெரு சார், அந்த மனிதர் பொத்தான் போட்டு நின்ற படத்தைத் தயவுசெய்து அழிக்காதீர்கள். அதேபோல, யாரிடமும் கேட்காமல் யாரோ எடுத்த படத்தில் அப்பாவின் முதுகு மட்டும் விழுந்திருந்தாலும் எனக்குப் போதும்.

பழைய நெகட்டிவ் வைத்திருப்பவர்கள் இங்கே இருந்தால் பாருங்கள். 1983க்கு முந்திய புறக்கோட்டை, மூட்டை ஏற்றிய கைவண்டில். வலப்பக்கச் சில்லின் ஆரங்களுக்கு மட்டும் அப்பா நீலப் பெயின்ட் அடித்திருப்பார். மற்றச் சில்லுக்குப் பெயின்ட் போதவில்லை.