பி0171 வந்தாலே சென்சாரை மாற்றுவதா? செக் என்ஜின் லைட் அனுபவங்கள்

மஞ்சள்விளக்கு:
என் வண்டியில் செக் என்ஜின் லைட் எரிந்தது. கோளாறு கோடு (எரர் கோட்) பி0171, அதாவது லீன், பேங்க் 1: என்ஜினின் அந்தப் பக்கத்தில் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகி நம்பரைப் பார்த்த கையோடு, ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்று புதுசு போட்டு, கோடுகளை அழித்து அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நாளில் லைட் மறுபடி வந்தது. அப்புறம் தெரிந்த பெரியவர் ஒருவர் பார்த்தார். அவர் கோடு பக்கமே போகவில்லை, லைவ் டேட்டாவில் ஃப்யூல் டிரிம் மட்டும்தான், அதாவது என்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு. ஐட்லிங்கில் லாங் டேர்ம், அதாவது நாள்பட்ட திருத்தம், ப்ளஸ் 24. ரேஸ் கொடுத்து 2500 ஆர்.பி.எம்.மில் நிறுத்தியதும் 5க்கு இறங்கியது. "காத்து எங்கேயோ கணக்குல வராம உள்ள போகுது தம்பி" என்றார். பானட்டைத் தூக்கி, இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்னால் கையை விட்டு, வளைந்து போகும் ஒரு ரப்பர் ஹோஸை விரலால் அழுத்திப் பிடித்தார். உள்ளே உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஷார்ட் டேர்ம், அதாவது அந்தந்த நொடிக்கான டிரிம் எண், சரசரவென்று மைனஸுக்குப் போகிறது. கையை எடுத்தார், திரும்ப ஏறியது. ஹோஸின் அடிப்பக்கத்தில் விரிசல், மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. பழைய சென்சார் அத்தனை நாளும் உள்ளதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, அதைப் போய்க் கழற்றிவிட்டார்கள் என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

காத்துவடிகட்டி:
இதைப் படித்துவிட்டு எல்லாரும் ஹோஸைத் தேடிக்கொண்டு கிளம்ப வேண்டாம். எனக்கும் அதே பி0171தான், ஆனால் ஐட்லிங்கில் டிரிம் ஒழுங்காக இருந்தது, ரேஸ் ஏற ஏறத்தான் கூடியது. அப்படியானால் கதை வேறு. பெட்ரோல் பம்ப் பிரஷர் குறைவாக இருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம், மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ளே வரும் காற்றைக் குறைத்துக் காட்டலாம். என் வண்டியில் கடைசியாகச் சொன்னது. எண்ணெய் பூசிய ஏர் ஃபில்டர் போட்டிருந்தேன். சென்சாரைக் கழற்றி டார்ச் அடித்தால், முடி போல இருக்க வேண்டிய கம்பி பஞ்சு சுற்றிக்கொண்டு நிற்கிறது. அதற்கென்றே இருக்கும் ஸ்ப்ரேயை அடித்துக் காயவைத்து மாட்டியதோடு சரி.

ராத்திரிசவாரி:
நிலையாக எரியும் லைட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் நடந்தது கண் சிமிட்டுகிற லைட். மச்சான் ஓட்டிவந்தார். வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது, பிக்கப் இல்லை, லைட் விட்டு விட்டு எரிகிறது, "ஓடுதுல்ல, வீடு போய்ப் பாத்துக்கலாம்" என்று நெடுஞ்சாலையில் விரட்டிக்கொண்டே வந்திருக்கிறார். இருட்டில் வாசலில் நிறுத்தியதும் வண்டிக்கு அடியில் என்னமோ சிவப்பாகத் தெரிகிறது. குனிந்து பார்த்தால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், கொல்லன் உலையில் பழுத்த இரும்பு மாதிரி. கோடு பி0302, இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங். பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் காயில் ஒன்றை மாற்றியதும் மிஸ்ஸிங் நின்றது. ஆனால் எரியாத பெட்ரோல் அவ்வளவும் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்திருக்கிறதே, கொஞ்ச நாளில் பி0420, அதாவது கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்கிற கோடு, வந்து உட்கார்ந்தது.

பழையவண்டிப்பிரியன்:
நான் வாங்கப் போன பழைய வண்டியில் லைட்டே இல்லை, கோடும் இல்லை. ஆனால் ரெடினஸ் மானிட்டர், அதாவது வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்துவிட்டதா என்கிற பட்டியலைப் பார்த்தால் முக்கால்வாசி "முடியவில்லை" என்று காட்டுகிறது. பேட்டரியைக் கழற்றியிருக்க வேண்டும், இல்லை காலையில்தான் யாரோ கோடுகளை அழித்திருக்க வேண்டும். விற்பவரிடம் கேட்டதும் அவர் முகம் போன போக்கு! வாங்காமல் வந்துவிட்டேன்.

இனி எல்லாருக்கும் ஒரு விஷயம். கோடு வந்ததும் அழிக்காதீர்கள். முதலில் ஃப்ரீஸ் ஃப்ரேமைப் போட்டோ எடுங்கள், கோடு பதிவான நேரத்தில் வேகம், ஆர்.பி.எம்., கூலன்ட் சூடு, டிரிம் எல்லாம் அதில் இருக்கும், அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். இன்னும் லைட்டை எரியவைக்காத பெண்டிங் கோடுகளையும் பாருங்கள், பல கோளாறுகள் அடுத்தடுத்த ஓட்டத்திலும் தெரிந்தால்தான் லைட் எரியும். பி0302 மாதிரி வந்தால் உடனே காயில் வாங்க ஓடாமல், இரண்டாவது காயிலை மூன்றாவதில் மாட்டிப் பாருங்கள், கோடு பி0303 என்று மாறினால் காயில்தான், மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் என்று போக வேண்டும். பி0 என்று தொடங்குகிற நம்பர் எல்லா கம்பெனிக்கும் பொது, பி1 பெரும்பாலும் அந்தந்தக் கம்பெனியின் சொந்தக் கணக்கு, மலிவு ஸ்கேனர் சொல்லும் விளக்கத்தை அங்கே நம்பாதீர்கள். அப்புறம் பி0420க்குக் கன்வெர்ட்டர் மாற்றுவதற்கு முன்னால்...

காத்துவடிகட்டி:
சார், பாடம் நடத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. காயில் மாற்றிப் பார்ப்பது எல்லா வண்டியிலும் நடக்காது, சிலதில் நான்கும் ஒரே கட்டையாக வரும், சிலதில் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினால்தான் காயிலே கண்ணில் படும்.

பழையவண்டிப்பிரியன்:
கழற்ற முடிகிற வண்டிக்குத்தான் சொன்னேன். முடிக்க விடுங்கள். பி0420 என்றால் பின்பக்க ஆக்சிஜன் சென்சாரின் வோல்டேஜைப் பாருங்கள். கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் 0.6, 0.7 பக்கம் அசையாமல் நிற்கும், முன்பக்கத்தைப் போலவே மேலும் கீழும் குதித்தால்தான் கன்வெர்ட்டர் மேல் சந்தேகம். அதற்கும் முன்னால் எக்ஸாஸ்ட் பைப்பில் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும், அதுவும் இதே கோடு தரும்.

ராத்திரிசவாரி:
பார்த்தாயிற்று. கசிவு இல்லை, பின்பக்கமும் குதிக்கிறது. மச்சான் இன்னும் "காயில் மாத்தினவன் ஏதோ பண்ணிட்டான்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.