கடல்நீர் மீன்தொட்டியில் ஊதாவாகப் படர்ந்த கோரலைன் பாசி திடீரென்று வெளுத்த கதை: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

புதுவண்ணாரப்பேட்டை நாலடி டேங்க்:
எங்கள் வீட்டிலிருந்து காசிமேடு நடக்கிற தூரம்தான். மரைன் டேங்க் வைத்த நாளிலிருந்து, வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் ‘கடல் பக்கத்திலேயே இருந்துகொண்டு உப்பை ஏன் காசு கொடுத்து வாங்குகிறாய், ரெண்டு குடம் மொண்டு ஊற்றேன்’ என்பார்கள். துறைமுகத் தண்ணீரில் டீசல் மினுங்குவதைப் பார்த்தவன் அதைச் செய்ய மாட்டான். ஆர்.ஓ. தண்ணீரில் சால்ட் மிக்ஸ் கலந்துதான் ஓட்டுகிறேன், 200 லிட்டர்.

கல் எல்லாம் காய்ந்த கல், மேலே உயிருள்ள பாசி எதுவும் இல்லாதது. கல் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, மன்னார் வளைகுடாக் கல் என்று யாராவது ரகசியமாகச் சொன்னால் அந்தப் பக்கமே போவதில்லை. அதனால் பல மாதம் கல் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரியே இருந்தது. கடைசியில் கொளத்தூர் நண்பர் ஒருவர் தன் டேங்க் கண்ணாடியில் சுரண்டிய ஊதாத் தூளை, அதாவது கோரலைன் பாசியை, ஒரு பாட்டிலில் கொடுத்தார், பவர்ஹெட்டுக்கு (டேங்குக்குள் தண்ணீரைச் சுழற்றும் பம்ப்) முன்னால் கொட்டினேன். ரெண்டு மாதத்தில் பின்கண்ணாடியில் ரோஸ் புள்ளிகள். அப்புறம் நிற்கவே இல்லை, கல், குழாய், ஹீட்டர், எல்லாம் ஊதா. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிப் பெருமையடித்தேன்.

மே மாதம் ஓரங்கள் வெளுக்க ஆரம்பித்தன. முதலில் லைட் மேல் சந்தேகம், குறைத்தேன். அடுத்து வெயில் மேல், ஃபேன் வைத்துத் தண்ணீரை 27 டிகிரிக்கு இறக்கினேன். ஒன்றும் மாறவில்லை. கால்சியம் 420 பி.பி.எம். இருந்தது 400, அது டெஸ்ட் கிட்டின் பிழையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். நண்பர்தான் ‘ஆல்கலினிட்டி பார்த்தாயா தம்பி’ என்றார். தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட், கார்பனேட்டின் அளவு அது, டி.கே.எச். என்ற அலகில் அளப்பார்கள். 8.5 இருக்க வேண்டியது 5.5.

அன்றைக்குத்தான் கணக்கு புரிந்தது. இந்தப் பாசி தன் செல் சுவரில் கால்சியம் கார்பனேட்டைப் படிய வைத்துத்தான் கல் மாதிரி இறுகுகிறது. 20 பி.பி.எம். கால்சியம் அப்படிக் கல்லாகும்போது கூடவே சுமார் 2.8 டி.கே.எச். ஆல்கலினிட்டியும் போய்விடும். 420-ல் 20 போனால் கண்ணுக்கே தெரியாது, 8.5-ல் 3 போனால் மூன்றில் ஒரு பங்கு காலி. டேங்கில் பவளம் ஒன்றுகூட இல்லை, ஆல்கலினிட்டியை யார் குடிக்கப் போகிறார்கள் என்று அலட்சியமாக இருந்தேன். குடித்ததே அந்த ஊதாதான்.

ஆப்ப சோடா 6 கிராம் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, ஒரு நாளைக்கு ஒரு முறை மெதுவாக ஊற்றினேன் (பேக்கிங் பவுடர் அல்ல, அது வேறு). 200 லிட்டருக்கு அது சுமார் 1 டி.கே.எச். ஏற்றும். அவசரப்பட்டு ஒரே நாளில் ஏற்றாதீர்கள். 8.5 வந்ததும் நிறுத்தி, இப்போது வாரம் ரெண்டு முறை டெஸ்ட் பண்ணி, குறைந்த அளவுக்கு மட்டும் ஊற்றுகிறேன். வெளுத்த இடத்தில் மறுபடி ரோஸ் தெரிகிறது.

கொளத்தூர்:
அந்தப் பாட்டில் கொடுத்த பாவி நான்தான். என் தொல்லை நேர் எதிர், ஊதா முன்கண்ணாடியை விடவே மாட்டேன் என்கிறது. வாரா வாரம் ஸ்டீல் பிளேடு போட்டுச் சுரண்டினால் தூளாக வரும், ஒரு மாதம் விட்டால் கை வலிதான் மிச்சம். அக்ரிலிக் டேங்க் என்றால் பிளாஸ்டிக் பிளேடு மட்டும். போன வருஷம் பவர்ஹெட் சுற்றவே இல்லை, செத்தது என்று புதிதாக வாங்கப் போனேன். கழற்றி, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து ரெண்டு மணி நேரம் ஊறப்போட்டதும் நுரைத்து நுரைத்து எல்லாம் கரைந்தது. நன்றாகக் கழுவிவிட்டுத்தான் டேங்கில் வையுங்கள்.

பெரம்பூர் அக்கா:
முடிப்பாசியைத் தின்னும் என்று ஒரு நீளமுள் அர்ச்சின் (முள் உருண்டை மாதிரி இருக்கும் கடல் பிராணி) வாங்கினேன். முடிப்பாசி தீர்ந்ததும் கோரலைனில் கை வைத்தது. ராத்திரி ஊர்ந்த வழியெல்லாம் காலையில் வெள்ளைக் கோடு, கோலம் போட்ட மாதிரி. கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்து நத்தை வாங்கிக்கொண்டேன்.

வியாசர்பாடி புதுசு:
அண்ணே, எனக்கு மூணு வாரத்திலேயே மணல் மேல் கருஞ்சிவப்பாகப் படர்ந்துவிட்டது. பாட்டில்கூட இல்லாமல்! ஆப்ப சோடா எவ்வளவு போடலாம்?

புதுவண்ணாரப்பேட்டை நாலடி டேங்க்:
எதுவும் போடாதே. முதலில் விரலால் தடவிப் பார். கோரலைன் என்றால் அசையாது, நகத்துக்கும் மசியாது.

வியாசர்பாடி புதுசு:
பால் ஆடை மாதிரி அப்படியே உரிந்து வந்தது, அண்ணே.

கொளத்தூர்:
அது சயனோ, தம்பி, பாசி மாதிரிப் படரும் பாக்டீரியா. தீனியைக் குறை, ட்யூப் வைத்து உறிஞ்சி எடு, பம்பை அந்தப் பக்கம் திருப்பு. வீட்டில் ஊதா என்று சொல்லிவிட்டாயா?

வியாசர்பாடி புதுசு:
ஸ்டேட்டஸே போட்டுவிட்டேன்.