‘சொத்திக்கை’, ‘விசரன்’: பகிடியா, ஏச்சா?

பனங்கூடல் எழுதியது:

கடந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் கிரிக்கெட் இறுதிப்போட்டி நடந்தது. ஓட்டக் கணக்கு எழுதும் மேசையில் என் தம்பி இருந்தான். 2009இல் வன்னியில் விழுந்த ஷெல் அவனுடைய வலது கையை மணிக்கட்டோடு கொண்டுபோய்விட்டது. அப்போது அவனுக்கு 11 வயது. இடது கையால் எழுதப் பழகினான். இன்று எங்கள் பக்கத்தில் எந்தப் போட்டி நடந்தாலும் கணக்கெழுத அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். காற்றில் தாள் பறக்காமல் இருக்க, வலது கையின் மொட்டை முனையைத் தாளின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டுதான் எழுதுவான்.

இலகுவான பிடி ஒன்று எல்லைக்கோட்டில் நழுவியது. ஒலிபெருக்கியில் வர்ணனை செய்தவர், “சொத்திக்கையனை அங்கே விட்டால் இப்படித்தான் நடக்கும்” என்றார். மைதானம் முழுவதும் சிரித்தது. தம்பி தலையை நிமிர்த்தவில்லை. அந்தப் பந்துக்குரிய இரண்டு ஓட்டங்களை எழுதினான். பிறகு குனிந்து ஒரு கல்லை எடுத்துத் தாளின் மேல் வைத்தான். கை மேசைக்குக் கீழே போய்விட்டது. போட்டி முடியும்வரை அது மேலே வரவே இல்லை.

நிர்வாகக் குழுவிடம் போய்ச் சொன்னேன். “உன் தம்பியையா சொன்னார்? பிடியை விட்டவனைத்தானே சொன்னார், அது ஒரு பகிடி” என்றார்கள். நொண்டி, செவிடன், சொத்தி, விசரன் என்று நாம் நாள்தோறும் பேசுவதெல்லாம் யாரையும் நோகச் செய்யாத பகிடிதானா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

வல்லைவெளி எழுதியது:

தங்கச்சி, உங்கள் தம்பிக்கு நடந்ததை வாசித்தபோது எனக்கும் மனம் கனத்தது. ஆனாலும் ஒரு வர்ணனையாளரின் வாய்க்கொழுப்புக்காக ஒரு மொழியையே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம்.

யாழ்ப்பாணத்தில் ‘விசர்’ இல்லாமல் ஒரு நாள் கழியுமா? கோபம் வந்தால் விசர் வருகிறது. பொருந்தாத பேச்சு விசர்க்கதை. என் அம்மா என்னை “விசரா, வந்து சாப்பிடு” என்றுதான் கூப்பிடுவார். அவர் இறந்து பல ஆண்டுகளாகியும் அந்தக் குரல் அதே சொல்லோடுதான் என் காதில் நிற்கிறது. நல்லூர்த் தேரடியில் திரிந்த செல்லப்பா சுவாமிகளை ஊர் ‘விசர்ச் செல்லப்பர்’ என்றது. அவரைத்தான் யோகர் சுவாமிகள் குருவாகக் கொண்டார். இன்னும் பின்னால் போனால், சுந்தரர் தம் முதல் தேவாரத்தையே ‘பித்தா’ என்றுதான் தொடங்கினார்.

நொண்டிச்சாட்டு, குருட்டுப்பாடம், ஊமைக்காயம் இவற்றையெல்லாம் எங்கே கொண்டுபோய்ப் புதைப்பது? உள்ளே கன்றி, வெளியே தெரியாத காயத்துக்கு ஊமைக்காயம் என்பதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள். சொல்பவரின் நெஞ்சைப் பார்க்க வேண்டும், சொல்லை அல்ல.

பனங்கூடல் எழுதியது:

ஐயா, சுந்தரரின் கதையை முழுவதும் நினைத்துப் பாருங்கள். கல்யாணப் பந்தலுக்குள் ஓர் முதியவர் ஓலையோடு வந்து, “நீ என் அடிமை” என்கிறார். சுந்தரர் கோபத்தில் அவரைப் பித்தன் என்று ஏசுகிறார். பிறகு வந்தவர் இறைவன் என்று தெரிந்து, எப்படிப் பாடுவேன் என்று கலங்கி நிற்கும்போது, “முன்பு என்னைப் பித்தன் என்றாயே, அப்படியே பாடு” என்கிறார் இறைவன். ஏசியவருக்கு அந்தச் சொல் நினைவில் நிற்கவில்லை. ஏச்சு வாங்கியவருக்கு நின்றது. கடவுளாக இருந்தபடியால் அதைப் பாட்டின் முதலாக்கிக் கொடுத்தார். என் தம்பி கல்லை எடுத்து வைத்தான்.

ஊமைக்காயத்தை நான் கேட்கவில்லை. ஒரு மனிதனைக் காட்டி, அவன் உடம்பின் பெயரால் சிரிப்பதைத்தான் கேட்கிறேன்.

ஒற்றைப்பனை எழுதியது:

நான் மிதிவெடியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவன். அதனால் இந்த விவாதத்தில் என் பக்கத்தையும் கேளுங்கள். அது அக்காவின் பக்கம் அல்ல.

நான் போட்டிருப்பது ஜெய்ப்பூர்க் கால். 1968இல் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும், சேத்தி என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் ஜெய்ப்பூரில் உருவாக்கியது. மேல்நாட்டுச் செயற்கைக் கால்களுக்குச் சப்பாத்து வேண்டும். இதற்கு வேண்டியதில்லை, வெறுங்காலோடு நடக்கலாம், குந்தியிருக்கலாம், வயலிலும் இறங்கலாம். நல்லூர்த் திருவிழாவில் மதிய வெயிலில் மணல் கொதிக்கும்போது நண்பர்கள் துள்ளித் துள்ளி நடப்பார்கள். “றப்பர்க்காலா, உனக்குப் பாதி வெயில்தான்” என்பார்கள். நானும் சிரிப்பேன். அந்தப் பெயரை யாரும் என்னிடமிருந்து பறிக்க வேண்டாம்.

என்னை நோகச் செய்வது வேறு. அடையாள அட்டை அலுவலாக ஓர் அலுவலகத்துக்குப் போனேன். பிரிவு மேல்மாடியில். 24 படிகள். வெயில் காலத்தில் மொட்டைக் கால் வீங்கி, செயற்கைக் காலின் கிண்ணத்துக்குள் இறுகி, ஒவ்வொரு படிக்கும் தோல் உரியும். மேலே போனபின், மிக மரியாதையான குரலில், “மாற்றுத்திறனாளி ஐயாவுக்கு ஒரு கதிரை கொடுங்கள்” என்றார்கள். கையொப்பமிட வேண்டிய தாளைக் கீழே கொண்டுவர ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்த நாட்டில் எங்கள் உரிமைகளுக்கு 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொதுக் கட்டடங்களுக்குள் நாங்கள் போய்வர வசதி செய்ய வேண்டும் என்று 2006இல் ஒழுங்குவிதிகள் வந்தன. 2016இல் எங்கள் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சாசனத்தை இலங்கை உறுதிப்படுத்தியது. படிகள் அப்படியே இருக்கின்றன. எனக்கு மாற்றுத்திறன் ஏதும் முளைக்கவில்லை, ஒரு கால் இல்லை, அவ்வளவுதான். சொல்லை மெருகூட்டியவர்கள் வேலை முடிந்துவிட்டதென்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். என் கோபம் அதுதான்.

கைவிரல் எழுதியது:

கேட்கும் திறனற்ற பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறேன். ‘ஊமை’ என்பது ஏச்சு என்பதற்கு முன், பொய். என் வகுப்பில் இடைவேளை மணி அடித்தால் விரல்கள் பறக்கும். சண்டை, கோள், பகிடி, காதல் எல்லாம் அங்கே உண்டு. அவர்களின் பேச்சு நமக்கு விளங்காததால் நாம் அவர்களுக்கு வைத்த பெயர் அது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் வாயசைத்து “ஊமையா?” என்று கேட்பதை என் மாணவர்கள் உதட்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

வல்லைவெளி எழுதியது:

ஒற்றைப்பனைத் தம்பி சொன்னதுதான் என் மனதிலும் இருப்பது. ‘அங்கவீனர்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அரச படிவத்தில் மரியாதைச் சொல்லாக இருந்தது. இன்று அதைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். தமிழ்நாட்டில் ‘ஊனமுற்றோர்’ போய் ‘மாற்றுத்திறனாளி’ வந்தது, இங்கேயும் வந்தது. ‘விசேட தேவை’ என்ற சொல்லையே பிள்ளைகள் இப்போது ஒருவரையொருவர் நக்கலடிக்கப் பயன்படுத்துகிறார்கள். என் பேரனின் வாயிலிருந்தே கேட்டேன். பார்வை மாறாதவரை எந்தப் புதுச்சொல்லும் பழைய சொல்லின் கதிக்குத்தான் வரும்.

நிலாவரை எழுதியது:

நான் இங்கே வழக்கமாக வாசிப்பதோடு சரி. ‘விசரா, வந்து சாப்பிடு’ என்பதை வாசித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் மகனுக்கு உயர்தரப் பரீட்சை எழுதிய ஆண்டில் தொடங்கியது. இரவில் தூங்கமாட்டான். கிணற்றுக் கட்டில் இருந்து யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருப்பான். சாத்திரம் கேட்டோம், நூல் கட்டினோம், கழிப்புக் கழித்தோம். இரண்டு ஆண்டுகள் அப்படிப் போயின. வைத்தியசாலை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அல்ல. அங்கே வரிசையில் நிற்பதை ஊரவர் கண்டால் அவன் ‘விசரன்’, மகள் ‘விசரனின் தங்கை’. அவளுக்கு அப்போது கல்யாணப் பேச்சு நடந்தது. கடைசியில், பக்கத்து வைத்தியசாலையை விட்டுத் தூரத்து வைத்தியசாலைக்கு, ஆட்டோவின் இரண்டு பக்கப் படங்குகளையும் இறக்கிவிட்டு அவனைக் கொண்டுபோனேன். பக்கத்து வீட்டுக்குப் பல்வலி என்று சொன்னேன்.

மனச்சிதைவு என்றார் வைத்தியர். இவ்வளவு காலம் ஏன் பிந்தினீர்கள் என்று கேட்டார். ஒரு சொல்லுக்குப் பயந்து பிந்தினேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குளிசை வேலை செய்தது. நான்கு மாதத்தில் அவன் சனசமூக நிலையத்துக்குப் போய்ப் பத்திரிகை வாசிக்கத் தொடங்கினான். அன்று கரம் விளையாடிக்கொண்டிருந்த பெடியன் ஒருவன் மற்றவனைப் பார்த்து, “விசரா, குளிசை போட மறந்துவிட்டாயா?” என்றான். என் மகனைப் பார்த்து அல்ல. அவனுடைய விடயம் அங்கே யாருக்கும் தெரியவும் தெரியாது. வீட்டுக்கு வந்தவன் குளிசைப் பெட்டியை எடுத்துக் கிணற்றுக்குள் போட்டான். “குளிசை போடுகிறவன்தான் விசரன். போடாவிட்டால் நான் விசரன் இல்லை” என்றான். மூன்று கிழமையில் பழையபடி எல்லாம் திரும்பி வந்தது. இந்த முறை வைத்தியசாலையில் படுக்க வைக்க வேண்டியதாயிற்று.

வல்லைவெளி ஐயா, அந்தப் பெடியனின் நெஞ்சில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. எனக்கு அவனைத் தெரியும், நல்ல பிள்ளை. நெஞ்சைப் பார்க்கச் சொன்னீர்கள். நெஞ்சு நல்லதாக இருந்தும் என் பிள்ளை கட்டிலில் கிடந்தான்.

நீதிதேவன் குளம் எழுதியது:

ஒற்றைப்பனையின் ‘றப்பர்க்கால்’ பற்றி ஒரு குறிப்பு. 2024 ஜூலையில் இந்திய உச்ச நீதிமன்றம் நிபுண் மல்கோத்ரா என்பவரின் வழக்கில் இந்த வேறுபாட்டைப் பேசியிருக்கிறது. ஒரு திரைப்படம் மாற்றுத்திறனாளிகளை இழிவாகக் காட்டுகிறது என்பது வழக்கு. உடற்குறையோடு வாழும் அனுபவத்தை விளங்கவைக்கும் நகைச்சுவை ஒன்று, அவர்களைத் தாழ்த்திச் சிரிக்கும் நகைச்சுவை இன்னொன்று, இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது என்றது தீர்ப்பு. ஒற்றைப்பனையின் நண்பர்கள் அவரோடு மணலில் நடந்தவர்கள். ஒலிபெருக்கிக்காரர் கணக்கு மேசைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒற்றைப்பனை எழுதியது:

நிலாவரை அம்மா, நான் எழுதியதில் ஒன்றைத் திருத்துகிறேன். என் கால் இல்லாததை நான் மறைக்க முடியாது, எல்லாருக்கும் தெரியும். அதனால் அந்தச் சொல்லோடு நேருக்கு நேர் நின்று சமாளித்துவிட்டேன். மறைக்கக்கூடிய நோய் இருப்பவருக்கு அந்தச் சொல் மருந்தையே மறைக்க வைக்கிறது. இதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. படிகள் பற்றிய என் கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் எல்லாருடைய படியும் சீமெந்தில் கட்டியது அல்ல.

பனங்கூடல் எழுதியது:

அடுத்த மாதம் எங்கள் ஊரில் கரப்பந்துப் போட்டி. தம்பி கணக்குப் புத்தகத்தைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். காரணம் சொல்லவில்லை. சனிக்கிழமை நான் வர்ணனையாளரின் வீட்டுக்குப் போய்ப் பேசப் போகிறேன். சண்டை பிடிக்க அல்ல, அந்தக் கல்லைப் பற்றிச் சொல்ல. வல்லைவெளி ஐயா, நீங்களும் எங்கள் ஊர்ப் பக்கம்தான் என்று முன்பு ஒரு முறை எழுதியிருந்தீர்கள். பெரியவர் ஒருவர் கூட வந்தால் வர்ணனையாளர் காது கொடுத்துக் கேட்பார்.

வல்லைவெளி எழுதியது:

வருகிறேன் தங்கச்சி. என் அம்மா கூப்பிட்ட சொல்லை என்னால் ஏச்சென்று ஒதுக்க முடியாது, அதில் நான் மாறவில்லை. ஆனால் நிலாவரைத் தங்கச்சியின் பிள்ளை இருக்கும் இடத்தில் அதை இனி என் வாய் சொல்லாது. அவன் எந்த இடத்தில் இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது என்பதும் விளங்குகிறது. ஒலிபெருக்கிக்காரரோடு நானே முதலில் பேசுகிறேன். ஐந்து மணிக்குப் பிறகு வையுங்கள், அதற்கு முன் ஆட்டுக்குக் குழை வெட்ட வேண்டும்.