எலெக்ட்ரிஷே எங்கே நிற்கும்?

முதல் முறையாக ஜெர்மனிக்கு வந்த யூத நண்பர்களோடு ஊர் சுற்றியவர்கள் இந்தக் குழுவில் சிலராவது இருப்பீர்கள். என்ன நடந்தது என்று எழுதுங்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கிறேன். எங்கள் டீமில் இஸ்ரேலின் ஹைஃபாவைச் சேர்ந்த ஒருவர் இருக்கிறார், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆறு வருஷமாக வீடியோ காலில் மட்டுமே பழக்கம். அலுவலகம் இரண்டு தடவை இங்கே வரச் சொல்லியும் ஏதோ சாக்குச் சொல்லித் தட்டிவிட்டார். போன மே மாதம் வந்தே ஆகவேண்டிய நிலை. மூன்று நாள் வேலை. ஒரு நாள் கூடுதலாகத் தங்கினார். அந்த ஒரு நாளைத்தான் சொல்லப்போகிறேன்.

அவருடைய பாட்டி 1925ல் இங்கே, ஊரின் கிழக்குப் பகுதியான ஓஸ்ட்எண்டில் பிறந்தவர். 1939ல், பதினான்கு வயதில், பாலஸ்தீனத்துக்குக் கிளம்பிய பிள்ளைகள் குழு ஒன்றோடு போய்விட்டார். அப்பா, அம்மா இங்கேயே தங்கிவிட்டார்கள்.

காலையிலேயே ஒரு சங்கடம். டிராமில் சாதாரண உடுப்பில் இருந்த இரண்டு பேர் திடீரென்று எழுந்து அட்டையைக் காட்டி "ஃபார்ஷைனே, பிட்டே" என்றார்கள். டிக்கெட் பரிசோதகர்கள். எனக்கு இது வாராவாரம் நடப்பது. இவரோ டிக்கெட்டை விட்டுவிட்டுப் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார். கை நடுங்கியது. அந்தப் பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும், குழம்பிப்போய் "இது வேண்டாம், டிக்கெட் போதும்" என்று சிரித்தான். இறங்கிய பிறகு அவரும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

முதலில் பழைய யூதக் கல்லறைத் தோட்டத்தின் வெளிச்சுவருக்குப் போனோம். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நாஜிகள் கொன்ற, இந்த ஊரைச் சேர்ந்த கிட்டத்தட்ட 12,000 யூதர்களின் பெயர்களைத் தனித்தனி உலோகக் கட்டைகளில் பொறித்து, சுவரைச் சுற்றிலும் வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய தீப்பெட்டி அளவு. பெயர், பிறந்த நாள், இறந்த நாள், இடம். சுவரிலிருந்து கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், இறந்தவர் நினைவாக யூதர்கள் வைக்கிற கூழாங்கல்லை மேலே வைக்க முடியும். இங்கே பிறந்த ஆன் ஃபிராங்கின் பெயரும் உண்டு. அதன் மேல் எப்போதும் கல் குவிந்திருக்கும்.

பெயர்கள் அகரவரிசையில் இருப்பதால் கொள்ளுத்தாத்தாவையும் கொள்ளுப்பாட்டியையும் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். இருவருக்கும் ஒரே தேதி: 25.11.1941. ஒரே இடம்: கௌனாஸ், லித்துவேனியா. ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து அந்த ரயில் கிளம்பியது நவம்பர் 22ஆம் தேதி. போய்ச் சேர்ந்ததும் ஒன்பதாம் கோட்டை என்கிற இடத்தில் எல்லோரையும் சுட்டுவிட்டார்கள். இது எனக்கு முன்பே தெரியும். தெரியாமல் இருந்தது, அதே தேதி அந்தச் சுவரில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்பது. இவர் விரலால் தடவிக்கொண்டே நடந்தார். 25.11.1941, இரண்டு பெயர் தள்ளி மறுபடி 25.11.1941.

வைக்கக் கல் வேண்டுமே என்று நான் மரத்தடியில் தேடினேன். கிடைத்ததெல்லாம் பீர் பாட்டில் மூடிகளும் ஒன்றிரண்டு ஜல்லியும். அடுத்த பெயர்களின் மேலிருந்து எடுக்க மனம் வராது, இல்லையா? கடைசியில் ஜல்லியைத்தான் வைத்தார்.

அப்புறம் பாட்டியின் தெரு. வீடு இல்லை, போரில் குண்டு விழுந்து போய்விட்டது. அந்த இடத்தில் போருக்குப் பிறகு கட்டிய சாம்பல் நிற அடுக்குமாடி. இவர் போட்டோகூட எடுக்கவில்லை. காலி பாட்டில்கள் நிறைந்த பையோடு வெளியே வந்த பெரியவர் ஒருவர், எண்பது வயது இருக்கும், யாரையாவது தேடுகிறீர்களா என்று கேட்டார்.

அந்த வாரம் முழுக்க ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டிருந்தவர், முதல் முறையாக ஜெர்மனில் வாயைத் திறந்தார். "இல்லை, எலெக்ட்ரிஷே எங்கே நிற்கும் என்று பார்க்கிறோம்."

பெரியவர் பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். டிராமுக்கு அந்தக் காலத்தில் அப்படித்தான் பெயராம், "மின்சாரத்தில் ஓடுகிறது" என்கிற அர்த்தத்தில். இப்போது யாரும் சொல்வதில்லை. ஷ்ட்ராசன்பான் என்றால்தான் புரியும். இங்கே எட்டு வருஷமாக இருக்கும் நானே அதைக் கேள்விப்பட்டதில்லை.

எங்கே கற்றீர்கள் என்றார். பாட்டியிடம், அவர் இந்தத் தெருவில் பிறந்தவர். எப்போது போனார்? 1939.

பெரியவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "என் அம்மாவும் எலெக்ட்ரிஷே என்றுதான் சொல்வாள்" என்றார். பையை அங்கேயே சுவரோரம் விட்டுவிட்டு, நாங்கள் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், நிறுத்தம் வரை கூடவே வந்தார்.

டிராமில் ஏறியதும் இவர் சொன்னார்: "நரைத்த தலையைப் பார்த்தாலே மூன்று நாளாக மனசுக்குள் கணக்குப் போடுகிறேன். 1945க்கு முன் பிறந்தவரா, பின் பிறந்தவரா? இவருடைய அப்பா எங்கே இருந்திருப்பார்? அந்த ஆளும் இப்போது என்னைப் பார்த்து ஏதோ கணக்குப் போட்டார், கவனித்தாயா?"

கவனித்தேன்.

*

நான் பெர்லின். இரண்டு வருஷம் முன்பு என் வீட்டு மாடியில் வாடகைக்குத் தங்கிய நியூயார்க்காரர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். க்ரூனவால்ட் நிலையத்துக்கு, நாஜிகள் யூதர்களை ரயிலேற்றி நாடு கடத்திய 17ஆம் நடைமேடைக்கு, நான்தான் கூட்டிப்போனேன். தண்டவாள ஓரம் முழுக்க 186 எஃகுத் தகடுகள். ஒவ்வொரு ரயிலுக்கும் ஒன்று: தேதி, எத்தனை பேர், எந்த ஊருக்கு. முதல் தேதி 18.10.1941. மனிதர் கணக்கு வாத்தியார்தானே, கூட்டிக்கொண்டே வந்தார். பாதியில் நிறுத்திவிட்டார்.

ஆனால் அவருக்கு எரிச்சலை உண்டாக்கியது அது இல்லை. யூதர் என்று தெரிந்த நிமிடமே ஆட்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வதுதான். ரொட்டிக் கடைக்காரி, பக்கத்து வீட்டு டாக்டர், எல்லோரும். ஒருநாள் என்னிடம் வெடித்தார்: "ஒருத்தராவது என்னிடம் மழையைப் பற்றிப் பேசக்கூடாதா?" அன்று முதல் படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் மழையைப் பற்றியே பேசினோம். பெர்லினில் அதற்குப் பஞ்சமில்லை.

*

ஹாம்பர்க்கிலிருந்து ஒரு சின்ன விஷயம், சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. எங்கள் கட்டிட வாசலில் பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் இரண்டு பித்தளைக் கற்கள், ஷ்டோல்பர்ஷ்டைன்: நாஜிகளுக்குப் பலியானவர்கள் கடைசியாக வாழ்ந்த வீட்டு வாசலில் அவர்கள் பெயரோடு பதிக்கிற நினைவுக்கல். கலைஞர் குந்தர் டெம்னிக் 1992ல் தொடங்கிய வேலை, இப்போது ஐரோப்பா முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல். இதெல்லாம் நான் படித்திருக்கிறேன், கட்டுரையில். என் வாசலில் என்ன எழுதியிருக்கிறது என்று நான்கு வருஷத்தில் ஒருமுறைகூடக் குனிந்து பார்த்ததில்லை.

ஒரு சனிக்கிழமை பால் வாங்கப் போகும்போது வாசலில் ஒருவர் முட்டி போட்டிருந்தார். பர்ஸ் ஏதாவது விழுந்துவிட்டதா என்று கேட்டேன். "இல்லை, இது என் அம்மாவின் தம்பி" என்றார். கல் கறுத்துப் போயிருந்தது. எச்சில் தொட்டுக் கைக்குட்டையால் தேய்த்துக்கொண்டிருந்தார். மேலே ஓடிப்போய் வீட்டில் குத்துவிளக்குத் தேய்க்க வைத்திருந்த பித்தளைப் பாலிஷை எடுத்துவந்தேன். ஆளுக்கு ஒரு கல். பேச்சு அதிகமில்லை. பையனுக்கு ஒன்பது வயது என்று அன்றுதான் படித்தேன்.

*

முதல் பதிவு எழுதியவர்தான். அந்த நாள் எப்படி முடிந்தது என்று தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டீர்கள்.

மதியம் க்ளைன்மார்க்ட்ஹாலே போனோம், ஊர் நடுவில் இருக்கும் கூரை போட்ட சந்தை. ஹைஃபாவில் பாட்டி ஒரு பச்சைச் சாஸ் செய்வாராம், வேகவைத்த முட்டை, உருளைக்கிழங்கோடு. ஃபிராங்க்ஃபர்ட்டுக்காரர்களுக்கு அது உயிர். பார்ஸ்லி, சைவ்ஸ், போரேஜ் என்று ஏழு பச்சிலை. ஏழையும் வெள்ளைத் தாளில் சுருட்டி ஒரே கட்டாக விற்பார்கள். இறைச்சி கிடையாது என்பதால், இறைச்சியையும் பாலையும் கலக்கக்கூடாது என்கிற கோஷர் (யூத உணவு) விதிக்கும் பிரச்சினை இல்லை.

இவர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, டில் இலை எங்கே என்று கேட்டார். கடைக்கார அம்மாள் நிமிர்ந்தார். டில்லா? அது எட்டாவது. பச்சைச் சாஸில் டில் போடக்கூடாது!

"என் பாட்டி போடுவார்."

"எந்த ஊர்க்காரி உன் பாட்டி?"

"இந்த ஊர்தான்."

பத்து நிமிஷம் சண்டை, அதுவும் சத்தமாக, ஜெர்மனிலேயே. போரேஜுக்கு ஹைஃபாவில் எங்கே போவது, கிடைத்ததைப் போட்டிருப்பார் என்று நான் சமாதானம் சொல்லப் பார்த்தேன். இரண்டு பேரும் என்னை முறைத்தார்கள். கடைசியில் அந்த அம்மாள் தலையை ஆட்டிக்கொண்டே பக்கத்துக் கடையிலிருந்து ஒரு பிடி டில் வாங்கிவந்து கட்டோடு வைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.