தலைகீழ் பாலிமர் சூரியக் கலத்தில் எஸ் வளைவு: துத்தநாக ஆக்சைடு அடுக்கில் என்ன தவறு?

கேள்வி:
அடுக்கு வரிசை: ஐடிஓ (ஒளி ஊடுருவும் மின்முனை), துத்தநாக ஆக்சைடு, பிஎம்6:ஒய்6 (ஒளியை உறிஞ்சும் கலவை; பிஎம்6 பாலிமர், ஒய்6 எலக்ட்ரான் ஏற்பி), மாலிப்டினம் ஆக்சைடு, வெள்ளி. ஜே-வி கோடு (மின்னோட்ட அடர்த்தி-மின்னழுத்தக் கோடு) திறந்த சுற்று மின்னழுத்தத்தை நெருங்கும்போது எஸ் போல வளைகிறது. ஃபில் ஃபாக்டர் (உச்சத் திறனுக்கும், திறந்த சுற்று மின்னழுத்தம் × குறுக்குச் சுற்று மின்னோட்டம் என்ற பெருக்கலுக்கும் உள்ள விகிதம்) 45% தாண்டவில்லை. சூரிய ஒளி சிமுலேட்டரின் கீழ் 10 நிமிடம் வைத்தால் வளைவு மறைகிறது, காற்றில் ஓர் இரவு கிடந்தால் திரும்புகிறது. 400 நானோமீட்டருக்குக் கீழே வெட்டும் வடிகட்டி போட்டால் மறைவதே இல்லை. கரைசல்: 1 கிராம் ஜிங்க் அசிடேட் டைஹைட்ரேட், 0.28 கிராம் எத்தனாலமைன், 10 மில்லி 2-மெத்தாக்ஸிஎத்தனால். நிமிடத்துக்கு 4000 சுற்றில் சுழற்றிப் பூசி, 150 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்குகிறேன்.

பதில் 1:
வடிகட்டிச் சோதனையே விடை சொல்லிவிட்டது. துத்தநாக ஆக்சைடின் மேற்பரப்பில் ஒட்டும் ஆக்சிஜன் எலக்ட்ரானைப் பிடித்து வைப்பதால் அங்கே ஒரு தடை எழுகிறது. புற ஊதா ஒளி பட்டால் ஆக்சிஜன் விடுபட்டுத் தடை இறங்கும். மாலிப்டினம் பக்கத்தை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

கரைசலின் அளவு சரி, அமைனும் துத்தநாகமும் ஏறக்குறைய 1:1 மோல். சூடுதான் போதவில்லை: 150 டிகிரியில் 10 நிமிடம் என்றால் அசிடேட்டும் அமைனும் மிஞ்சி நிற்கும். காற்றில் 200 டிகிரி, 30 முதல் 60 நிமிடம் வையுங்கள். ஆறியதும் உடனே கையுறைப் பெட்டிக்குள் (காற்றுப் புகாத மந்த வாயுப் பெட்டி) போகட்டும். தடிமன் 30 நானோமீட்டர் அளவில் இருந்தால் போதும்.

பதில் 2:
துத்தநாக ஆக்சைடின்மேல் மெல்லிய பிஇஐஇ (அமைன் நிறைந்த ஒரு பாலிமர்) பூசிப் பாருங்கள். மின்முனையின் வேலைச் சார்பை (எலக்ட்ரானை வெளியேற்றத் தேவையான ஆற்றல்) குறைக்கும் இதன் திறனை 2012-இல் ஜார்ஜியா டெக்கின் கிப்பெலன் குழு காட்டியது. 2-மெத்தாக்ஸிஎத்தனாலில் 0.4% அல்லது அதற்கும் கீழே, 5000 சுற்று, 100 டிகிரியில் 10 நிமிடம். புட்டியில் இருப்பது 35–40% நீர்க்கரைசல் என்பதை மறந்து, முழுப் பாலிமர் என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. 37% என்றால் 1 கிராமை மொத்தம் 92.5 கிராம் ஆக்க வேண்டும். பிஇஐஇ மின்கடத்தாப் பொருள். தடித்தால் அதே எஸ் திரும்ப வரும்.

பதில் 3:
ஒய்6-உடன் பிஇஐஇ என்றால் எனக்குத் தயக்கம். ஃபுல்லரீன் காலத்துச் செய்முறை அது. ஃபுல்லரீன் அல்லாத ஏற்பிகளில் நடுப்பகுதியையும் முனைத் தொகுதியையும் இணைக்கும் இரட்டைப் பிணைப்பை அமைன் தாக்கும். ஐடிஐசி என்ற ஏற்பியில் இது நன்றாகத் தெரிந்த சிக்கல். பிஇஐஇ மேல் ஒய்6 மட்டும் மெல்லிதாகப் பூசி, 100 டிகிரியில் சூடாக்குவதற்கு முன்னும் பின்னும் உறிஞ்சல் நிறமாலை எடுங்கள். நீண்ட அலைநீள உச்சி சரிந்தால் அந்த வழியை விடுங்கள்.

புற ஊதாவில் துத்தநாக ஆக்சைடும் ஒளிவினையூக்கியாகி அதே பிணைப்பை வெட்டும். அதனால் 10 நிமிட ஒளிக்குளியலைத் தீர்வாக வைத்துக்கொள்ளாதீர்கள். வெள்ளீய ஆக்சைடு நானோதுகள் கரைசலுக்கு மாறுவது நல்லது. கடையில் கிடைக்கும் 15% கரைசலை நீரில் நான்கைந்து மடங்கு நீர்க்கச் செய்து, 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்துப் பூசி, 150 டிகிரியில் 30 நிமிடம். ஐடிஓ-வைப் புற ஊதா-ஓசோனில் 15 நிமிடம் வைக்காவிட்டால் நீர்க்கரைசல் பரவாது, திட்டுத்திட்டாக நிற்கும்.