டொக்டர் ஹூவில் திகிலான கதைகள் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே, கல்லடியில் இருந்து எழுதுகிறேன். இரவுச் சாப்பாடு முடிந்ததும் நானும் தங்கச்சியும் டொக்டர் ஹூ பார்க்கிறோம். 1963இல் பிபிசியில் தொடங்கிய அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர், எங்கே கை வைப்பது என்றே தெரியவில்லை.

2007இல் வந்த 'பிளிங்க்' பார்த்த அன்று அவள் விளக்கை அணைக்க விடவில்லை. நாம் கண் இமைத்தால் நகர்ந்து வரும் கற்சிலைகள்! ஆனால் என்னை உலுக்கியது 2008இன் 'மிட்நைட்'. வண்டிக்குள் அடைபட்ட சிலர். அதில் ஒருத்தி மற்றவர்கள் சொல்வதையெல்லாம் திருப்பிச் சொல்கிறாள், அப்புறம் அவர்களோடு சேர்ந்தே சொல்கிறாள். அவளுக்குள் புகுந்தது என்னவென்று கடைசிவரை காட்டவேயில்லை. பயந்துபோன மனிதர்கள்தான் அதைவிடப் பயங்கரம்.

இப்படி இரத்தம் காட்டாமல் பயமுறுத்தும் கதைகள் வேறு எவை? கறுப்பு வெள்ளைக் காலத்துக் கதைகளும் பரவாயில்லை. தங்கச்சிக்கு 11 வயது. ஆண்டையும் சேர்த்து எழுதினால் தேடுவது லேசு.